இலங்கைக்கு வந்த எச்சரிக்கையும் கைதிகளின் கணக்கேடும்: விமானி லெனாட் பேர்ச்சலின் வாழ்வு

வட்டுக்கோட்டை என்றதும் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினறியும், பின்னர் அதன் வழியில் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியும், 1976 இல் நிறைவேற்றப்பட்ட தீர்மானமும் நம்மவர் நினைவுக்கு வருவது வழமை. 1942 ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம் அவ்வாறு நினைவுக்கு வருவதில்லை. ஆனால், அந்த ஊரும் அதைச் சூழ்ந்த வலிகாமத்துக் கிராமங்களும் உலகப் போரின் வெம்மையை முதன்முதலில் உணர்ந்தது அந்த ஆண்டிலேயே ஆகும். ஆங்கிலக் கல்வி பெற்ற பிள்ளைகளை மலாயாவின் புகையிரத இலாகாவுக்கும் திறைசேரிக்கும் நில அளவைக் கந்தோருக்கும் அனுப்பி, அங்கிருந்து மாதாமாதம் வரும் பணத்தில் கல்வீடு கட்டி, காணி வாங்கி, சகோதரிகளுக்குச் சீதனம் சேர்த்த சமூகம் அது. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அன்றோடு கடிதங்கள் நின்றன, மணியோடர்கள் நின்றன. அக்கரையில் இருந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அறியவும் வழியற்றுப் போயிற்று.

மார்ச் 8 ஆம் திகதி இரங்கூனும் வீழ்ந்தது. பர்மா அரிசியை நம்பி உலை வைத்த இலங்கை மக்களுக்கு அது அடுத்த அடியாயிற்று. அந்தமான் தீவுகளும் அம்மாதத்திலேயே யப்பானியர் கைக்குச் சென்றன. வங்காள விரிகுடாவில் அடுத்த இலக்கு இலங்கையே என்பதை அரசியல் அறிந்தோர் மட்டுமன்றிச் சந்தையில் மீன் வாங்கச் சென்றோரும் பேசிக்கொண்ட காலம் அது.

அந்த நெருக்கடியான நாட்களில், ஏப்ரல் 4 ஆம் திகதி, இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலின் மேலே பறந்துகொண்டிருந்த ஒரு கனடிய விமானி யப்பானியரின் பெரும் கடற்படையைக் கண்டார். கண்டதைச் சொன்னார். சொன்னதற்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டார். அவர் பெயர் லெனாட் ஜோசப் பேர்ச்சல். இலங்கையின் மீட்பர் என்று அவரது நாட்டுப் பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின. நமது நாட்டின் பெயரோடு இணைத்து உலகம் போற்றிய அம்மனிதரைப் பற்றி நம்மவரில் பலர் அறியார். அறிந்தோரும் அந்த ஒரு செய்தியோடு அவரது கதை முடிந்துவிட்டதாகவே எண்ணுகின்றனர். அச்செய்திக்குப் பின் வந்த மூன்றரை ஆண்டுகளே அவரது வாழ்வில் பெரியவை என்பது நமது கருத்தாகும்.

பேர்ச்சல் 1915 ஜூலை 6 ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சென் கதறின்ஸ் நகரில் பிறந்தார். இளமையிலேயே ஆகாய விமானங்களின் மீது பற்றுக் கொண்டிருந்த அவர், கிங்ஸ்ரன் நகரிலுள்ள றோயல் இராணுவக் கல்லூரியில் பயின்று 1937 இல் வெளியேறினார். தொடர்ந்து றோயல் கனடிய விமானப் படையிற் சேர்ந்து விமானியானார். போர் தொடங்கியபோது கனடாவின் கிழக்குக் கரையில், கடல்மேல் இறங்கவும் எழவும் வல்ல விமானங்களில் ரோந்துப் பணி அவருக்குக் கிடைத்தது. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் குதித்தபோது, சென் லோறன்ஸ் வளைகுடாவில் சென்றுகொண்டிருந்த ஓர் இத்தாலிய வணிகக் கப்பலின் மேல் அவர் தமது விமானத்தைத் தாழப் பறக்கவிட்டார். அச்சுறுத்தலைக் கண்டு கலங்கிய கப்பல் கரை தட்டியது. விமானத்தை அருகே நீரில் இறக்கிய அவர், கனடியக் கடற்படையினர் வந்து சேரும்வரை அங்கேயே காத்திருந்தார். துணிவும் நிதானமும் ஒருங்கே அமைந்தவர் அவர் என்பதற்கு அந்நிகழ்வு அன்றே சான்றாயிற்று.

பின்னர் அவர் 413 ஆம் இலக்க கனடிய விமான அணியில் இணைந்தார். ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லன்ட் தீவுகளில் குளிரிலும் மூடுபனியிலும் அந்த அணி பணியாற்றியது. சிங்கப்பூரின் வீழ்ச்சிக்குப் பின் இந்து சமுத்திரத்தைக் கண்காணிக்க விமானங்கள் போதாமையால், அவ்வணி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியே அதன் தளம். போர்த் தேவைக்காக அக்கிராமத்து மக்கள் தம் வீடு வாசல்களை விட்டு அவசரமாக வெளியேற்றப்பட்டனர். சிங்கள இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் அதுவே. இடிபட்ட வீடுகளுக்கு நடுவே அவரது பிறந்த வீடு தப்பி நின்று இன்று அரும்பொருட் காட்சியகத்தின் பகுதியாக விளங்குகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் காணி இழப்பது நமது நாட்டுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டியுள்ளது.

பேர்ச்சல் செலுத்திய விமானம் கற்றலினா வகையைச் சேர்ந்தது. இரு இயந்திரங்கள் கொண்ட இவ்விமானம் ரோந்துக் குண்டுவீச்சு விமானமாக அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது. குண்டுகளையும், நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ வெடிகளையும் சுமந்து செல்லவும், ஒரு நாளின் பெரும்பகுதியை இறங்காமலே வானிற் கழிக்கவும் அதனால் முடியும். வேகமே அதற்கு இல்லாத ஒன்று. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பாய்ந்து வரும் யப்பானிய சீரோ போர் விமானங்களின் முன்னால் அது, பருந்தின் முன்னே அகப்பட்ட கோழி போன்றதே.

ஏப்ரல் 4 ஆம் திகதி விடியுமுன் அவரும் எட்டுப் பேர் கொண்ட அவரது குழுவினரும் கொக்கலை வாவியிலிருந்து எழுந்தனர். பேர்ச்சலுக்கு அப்போது வயது 26. இலங்கைக்கு வந்து சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. நாள் முழுவதும் வெறுங் கடலையே கண்டு திரும்பவிருந்த வேளை அது. அறிமுகமற்ற தளத்துக்கு இருளில் வழி தேடித் திரும்ப வேண்டியிருந்ததால், தாம் இருக்குமிடத்தைத் துல்லியமாகக் கணித்துக்கொள்வதற்காக இன்னுஞ் சிறிது நேரம் தங்கிச் செல்ல அவர்கள் எண்ணியதாகக் கூறப்படுகிறது. மாலை நான்கு மணியளவில் தென்திசை அடிவானத்திற் சில புள்ளிகள் தெரிந்தன. தெய்வேந்திரமுனைக்குத் தென்கிழக்கே சுமார் 360 கடல் மைல் தொலைவு அது.

திரும்பிவிடலாம் என்று முடிவு செய்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார். ஆனால், புள்ளிகளைக் கண்டதாக மட்டும் அறிவிப்பதால் கொழும்புக்குப் பயனில்லை. எத்தனை கப்பல், எவ்வகைக் கப்பல், எத்திசையில் எவ்வேகத்திற் செல்கின்றன என்பனவே வேண்டியவை. அவற்றைக் கணக்கிட நெருங்கிச் செல்ல வேண்டும். நெருங்கினால் தப்ப முடியாது. பேர்ச்சல் நெருங்கினார்.

அவர் கண்டது அட்மிரல் நகுமோவின் அணி. நான்கு மாதங்களுக்கு முன்னர் பேர்ள் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படையைத் தீக்கிரையாக்கிய அதே அணி, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கப்பல்களின் எண்ணிக்கையும் போக்கும் சங்கேத மொழியில் மாற்றப்பட்டன. வானொலி இயக்குநர் செய்தியை அனுப்பத் தொடங்கினார். வழமைப்படி அதை மூன்று முறை அனுப்ப வேண்டும். மூன்றாம் முறை முடிவதற்குள் சீரோ விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியைச் சிதைத்தன.

அதன்பின் நிகழ்ந்தவை சில நிமிடங்களுக்குள் அடங்கும். எரிபொருட் தாங்கிகள் துளைக்கப்பட்டன. விமானத்தினுள்ளே தீ மூண்டது, அணைத்தனர், மீண்டும் மூண்டது. குழுவினர் பலர் காயமுற்றனர். பரசூட் கொண்டு குதிப்பதற்குப் போதிய உயரம் இருக்கவில்லை. சிதைந்துகொண்டிருந்த விமானத்தை எப்படியோ கட்டுப்பாட்டில் வைத்துக் கடலின் மீது மோதி இறக்கினார் பேர்ச்சல். அதன் வாற்பகுதி உடைந்து வீழ்ந்தது. எரியும் எண்ணெய் நீரின் மேற் பரவியது. ஒன்பது பேரில் ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். மற்றவர்கள் நீரில் பாய்ந்தனர். சீரோக்கள் மீண்டும் மீண்டும் தாழ்ந்து வந்து நீரில் இருந்தவர்களைச் சுட்டன. சுடும்போது மூச்சடக்கி நீருள் அமிழ முடிந்தோர் பிழைத்தனர். படுகாயத்தோடு மிதவை அங்கிகளில் மிதந்துகொண்டிருந்த இருவரால் அமிழ முடியவில்லை. அவ்விருவரும் அங்கேயே கொல்லப்பட்டனர்.

எஞ்சிய அறுவரை இசோகாசே என்ற யப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கியெடுத்தது. செய்தி அனுப்பப்பட்டதா என்பதே யப்பானியர் கேட்ட முதற் கேள்வி. தாமே மூத்த அதிகாரி என்று முன்வந்த பேர்ச்சல், செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று சாதித்தார். அடியும் உதையும் தொடர்ந்தன. சற்று நேரத்தில், வந்த செய்தியை மீண்டும் அனுப்புமாறு கொழும்பு கேட்டது. அக்கோரிக்கை யப்பானியரின் காதிலும் வீழ்ந்தது. பொய் வெளிப்பட்டதும் அடி இரு மடங்காயிற்று.

அச்செய்தி எதைச் சாதித்தது என்பதை மிகையின்றிச் சொல்ல வேண்டும். அதைப் பெற்ற கொழும்பு அதிகாரிகள் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை அன்றிரவே வெளியேற்றினர். மறுநாள் ஈஸ்ரர் ஞாயிறு காலையில் சுமார் 125 யப்பானிய விமானங்கள் வந்தபோது, அவை எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல்கள் துறைமுகத்தில் இருக்கவில்லை. அவ்வாறிருந்தும் எச்சரிக்கை முழுப் பயனைத் தரவில்லை. தாக்குதல் தொடங்கிய வேளையில் இரத்மலானையில் விமானங்கள் தரையிலேயே நின்றன. துறைமுகத்தில் எஞ்சி நின்ற இரு போர்க் கலங்கள் மூழ்கின. எண்ணெய்க் குதங்கள் என்று தவறாகக் கருதப்பட்ட அங்கொடை மனநோயாளர் மருத்துவமனையின் மீதும் குண்டுகள் வீழ்ந்தன. கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சென்ற டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு பெரும் போர்க் கப்பல்கள் அன்று பிற்பகலில் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர். பிரித்தானியக் கடற்படையின் பெரும்பகுதியோ, யப்பானியர் அறியாத இரகசியத் தளமாகிய மாலைதீவின் அட்டு பவளத் தீவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது.

நான்கு நாட்களின் பின் திருகோணமலையின் முறை வந்தது. ஏப்ரல் 9 ஆம் திகதி அதே அணியைச் சேர்ந்த இன்னொரு கற்றலினா எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்ப முற்பட்டது. அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்தோரில் ஒருவரும் மீளவில்லை. அன்று கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழுந்த பிளெனிம் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்பது நகுமோவின் கப்பல்களைத் தேடிப் பிடித்துத் தாக்கின. குண்டுகள் கப்பல்களின் அருகே கடலில் வீழ்ந்தன. ஐந்து விமானங்கள் திரும்பி வரவில்லை. மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்டோரோடு மூழ்கியது. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் சுமார் அறுநூறு பேரை நீரிலிருந்து மீட்டது. ஹேர்மிஸின் உடல் இன்றும் அக்கடலடியிற் கிடக்கிறது. அக்கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் மீனவர் வலை வீசும் நீரின் கீழே உறங்கும் அக்கப்பலைக் காணச் சுழியோடிகள் பல நாடுகளிலிருந்து வருகின்றனர்.

வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அந்த வாரத்தில் மூழ்கடிக்கப்பட்டன. பிரித்தானிய வணிகக் கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளியும் கயிறு இழுத்தும் உழைத்தோரில் வங்காளத்து முஸ்லிம் மாலுமிகள் பெருந்தொகையினர். வரலாற்று நூல்களில் கப்பல்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றின் எடை தொன் கணக்கில் இருக்கிறது. அந்த மாலுமிகளின் பெயர்களைத் தேடுவோர் இலகுவிற் காண்பதில்லை. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஏப்ரல் 6 ஆம் திகதி தாக்கப்பட்டபின் சென்னை நகரம் அச்சத்தால் வெறிச்சோடியது. கொழும்பிலிருந்தும் மக்கள் ஊர்களை நோக்கிப் பெயர்ந்தனர்.

பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில், போரின் மிக ஆபத்தான கணங்களில் ஒன்றாக யப்பானிய அணி இலங்கையை நெருங்கிய வேளையையே கருதியதாகவும், எச்சரித்த விமானி மாண்டுவிட்டார் என்று அவர் எண்ணியிருந்ததாகவும் சொல்லப்படுகிறது. இலங்கையைக் கைப்பற்றுவதற்கான தரைப்படை நகுமோவின் அணியோடு வரவில்லை என்பதை இன்று ஆய்வாளர் அறிவர். எனவே, ஒரு செய்தி ஒரு தீவையே ஆக்கிரமிப்பிலிருந்து காத்தது என்பது மிகைக் கூற்று. ஆயினும், துறைமுகத்தை விட்டு அன்றிரவு வெளியேறிய கப்பல்களில் இருந்தோர் பலரின் உயிர் அச்செய்தியோடு பிணைந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஒன்பது பேரில் மூவரின் உயிர் அதற்கு விலையாயிற்று.

இங்கே அவரது முதற் போர் முடிவடைகிறது. இரண்டாவது போர் யப்பானில் நடந்தது. அங்கு அவரிடம் விமானமும் இல்லை, ஆயுதமும் இல்லை.

நகுமோவின் தலைமைக் கப்பலாகிய அக்காகியில் யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பேர்ச்சல், முதலில் ஒபுனா என்னுமிடத்து விசாரணை முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கைதிகள் தம்முள் பேசுவதும் குற்றம். பின்னர் யோக்கோகாமாப் பகுதி முதலான இடங்களிலுள்ள உழைப்பு முகாம்களுக்கு மாற்றப்பட்டார். போர்க் கைதிகள் தொடர்பான 1929 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் யப்பான் ஒப்பமிட்டிருந்தபோதும் அதை உறுதிப்படுத்தவில்லை. நோயுற்றோரை வேலைக்கு அனுப்பக்கூடாது என்ற விதி காகிதத்தோடு நின்றது. கப்பற் கட்டுந் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் கைதிகள் காலை முதல் மாலை வரை உழைத்தனர். வயிற்றோட்டமும் பெரிபெரியும் நியூமோனியாவும் அவர்களை வாட்டின.

முகாமில் மூத்த அதிகாரி என்ற வகையிற் கைதிகளுக்குப் பொறுப்பானவர் பேர்ச்சல். பொறுப்பு என்பதை அவர் புரிந்துகொண்ட விதம் நமது கவனத்துக்கு உரியது. உணவு பங்கிடும்போது அதிகாரிகள் தமது பங்கைக் கடைசியிலேயே பெற வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு. தனக்கு வந்த கிண்ணத்தில் குறைவு என்று கருதும் எந்தக் கைதியும் அதை ஓர் அதிகாரியின் கிண்ணத்தோடு மாற்றிக்கொள்ளலாம். பட்டினி வாட்டும் இடத்தில் ஒரு பிடி சோற்றுக்காக மனிதன் மனிதனைச் சந்தேகிப்பான். அந்தச் சந்தேகம் வேரூன்றுமுன் அதைப் பிடுங்கி எறிந்தது அக்கிண்ண மாற்று. மேலதிகாரியின் கிண்ணத்திலும் தன் கிண்ணத்திலும் ஒரே அளவே இருக்கிறது என்பதை ஒவ்வொருவனும் தன் கண்ணாற் கண்டான்.

இரண்டாவது, நோயாளிகளுக்காக அவர் நடத்திய எதிர்ப்பு. எழுந்து நிற்கவும் முடியாத கைதிகளைக் காவலர் வேலைக்கு இழுத்துச் சென்றபோது அவர் குறுக்கே நின்றார். ஒரு முறை, காயமுற்ற கைதியை வேலைக்கு விரட்டிய காவலனை அவர் அடித்தார். கைதி காவலனை அடிப்பதென்பது அங்கே மரண தண்டனைக்குரிய செயல். இன்னொரு முறை, நோயாளிகள் விடுவிக்கப்படும்வரை எவரும் வேலை செய்யக்கூடாது என்று கைதிகள் அனைவரையும் வேலையை நிறுத்தச் செய்தார். அதற்காக அவர் அடிக்கப்பட்டார். தனிச் சிறையில் அடைக்கப்பட்டார். தண்டனை முகாமுக்கும் அனுப்பப்பட்டார். கொல்லப்படுவார் என்ற அச்சுறுத்தல் பல முறை வந்தது. அடி தம்மீது விழும் நேரத்தில் நோயாளிக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும் என்பதே அவரது கணக்காக இருந்தது போலும்.

மூன்றாவது, அவர் எழுதிய குறிப்பேடுகள். முகாமில் நடந்தவற்றை, யார் எப்போது இறந்தார், எதனால் இறந்தார், எந்தக் காவலன் என்ன செய்தான் என்பவற்றை அவர் இரகசியமாக எழுதினார். எழுதியவற்றை மண்ணிற் புதைத்து மறைத்தார். அகப்பட்டிருந்தால் உயிர் தப்பியிருக்காது. போர் முடிந்தபின் அக்குறிப்பேடுகள் போர்க் குற்ற விசாரணைகளிற் சான்றாயின. அவரும் சாட்சியமளித்தார்.

இவற்றின் பயனை எண்களே கூறும். யப்பானியரிடம் அகப்பட்ட மேற்குலகப் போர்க் கைதிகளில் சுமார் 27 சதவீதமானோர் இறந்தனர் என்று தோக்கியோ நீதிமன்றம் கணக்கிட்டது. பேர்ச்சல் பொறுப்பிலிருந்த முகாம்களில் அந்த விகிதம் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று பதிவாகியுள்ளது. அதே பசி, அதே குளிர், அதே காவலர். இடையில் நின்ற மனிதர் ஒருவரே வேறுபாடு.

1945 ஆகஸ்ட் மாத இறுதியில் அமெரிக்கப் படையினர் அவரை விடுவித்தனர். இலங்கைக் கடலில் ஆற்றிய பணிக்காக சிறப்புப் பறப்புச் சிலுவை என்ற விருதும், முகாம்களில் ஆற்றிய பணிக்காக பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.ஈ. விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. அமெரிக்கா 1950 இல் தனது லீஜன் ஒவ் மெரிற் விருதை அளித்தது. போரின் பின்னரும் விமானப் படையிலேயே பணி தொடர்ந்த அவர், தாம் படித்த கிங்ஸ்ரன் இராணுவக் கல்லூரியின் தலைவராக 1963 முதல் 1967 வரை விளங்கினார். ஓய்வு பெற்றபின் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் நிருவாகப் பொறுப்பு வகித்தார். இளம் அதிகாரிகளுக்குத் தலைமைத்துவம் பற்றிப் பேச அழைக்கப்படும்போதெல்லாம் அவர் கைதி முகாமின் படிப்பினைகளையே அதிகம் கூறினார். 2000 ஆம் ஆண்டில் கனடாவின் உயர் குடிமை விருதான ஓடர் ஒவ் கனடா அவருக்குக் கிடைத்தது. 2004 செப்ரெம்பர் 10 ஆம் திகதி, தமது 89 ஆவது வயதில், கிங்ஸ்ரனிற் காலமானார்.

வட்டுக்கோட்டையிலிருந்தும் குடாநாட்டின் ஏனைய ஊர்களிலிருந்தும் பெயர்ந்து சென்ற பல்லாயிரம் தமிழர்க்கு ரொறன்ரோ இன்று இரண்டாவது தாயகம். அங்கிருந்து மொன்றியலுக்குக் காரோட்டிச் செல்லும் நம்மவர் கிங்ஸ்ரன் நகரைக் கடந்தே செல்கின்றனர். நமது தீவுக்கு அபாயம் வருகிறது என்று சொல்லிவிட்டுக் கடலில் வீழ்ந்தவர் இறுதி நாட்களைக் கழித்த ஊர் அது என்பதை அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நமது மண்ணிலும் அந்தப் போரின் சுவடு இல்லாமலில்லை. இன்று யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்று வழங்கும் பலாலி ஓடுபாதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படைக்காக அமைக்கப்பட்டதே.

எனினும், பேர்ச்சலின் வாழ்வை நாம் இங்கே எழுதுவது நன்றியுரைப்பதற்காக மட்டுமன்று. அவரது குறிப்பேடுகளை எண்ணும்போது, அதே ஆண்டுகளில் எழுதப்படாது போன இன்னொரு கணக்கு நம் நெஞ்சை உறுத்துகிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் அமைத்த மரண ரயில் பாதையில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் உழைத்தனர். அவர்களில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனாபுரிக் கல்லறைகளில் அவர்களிற் பல்லாயிரவரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதையில் அவர்களிலும் பல மடங்காக உழைத்தோர் ஆசியத் தொழிலாளர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களிற் பெருந்தொகையினர். மலாய் முஸ்லிம்களும் பர்மியரும் யாவாத் தீவினரும் உடனிருந்தனர். வாந்திபேதி பரவிய முகாம்களில் அவர்கள் கூட்டங் கூட்டமாக இறந்தனர். இறந்தோர் தொகை இலட்சத்தை எட்டக்கூடும் என்ற மதிப்பீடுகள் உண்டு. மதிப்பீடுகளே உண்டு, பெயர்ப் பட்டியல் இல்லை.

அந்தத் தொழிலாளர்களுக்குப் போதிய மருத்துவரில்லை, அதிகாரியில்லை, அவர்களுக்காகக் காவலன் முன் குறுக்கே நின்று வாதாட எவருமில்லை. இரவில் ஒளித்திருந்து பெயரும் திகதியும் எழுதி மண்ணிற் புதைத்து வைக்கவும் எவருமில்லை. படையணியாக அகப்பட்டோருக்கும் கூலிகளாக வாரிச் செல்லப்பட்டோருக்கும் இடையிலிருந்த இந்த வேறுபாடே ஓரிடத்திற் பெயர் பொறித்த கல்லாகவும், மற்றோரிடத்திற் காடாகவும் இன்று காணப்படுகிறது. தோட்டத் தமிழரின் பிள்ளைகள் தம் தந்தையரின் இறப்பு நாளை அறியாமலே மூப்படைந்தனர்.

இலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதை விரித்துரைக்கத் தேவையில்லை. 1981 இல் நூலகம் எரிந்ததையும், 1990 இல் வடபுலத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதையும், 2009 வரை நீண்ட போரையும் கண்ட மக்கள் நாம். இழந்தோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு எண்களைக் கொண்டு சண்டையிடுகிறோம். பெயர்களைக் கொண்டு விடையளிக்க இயலாதவர்களாக நிற்கிறோம். காணாமற் போனோரின் உறவினர் கையில் நிழற்படத்தோடு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் காட்சி நமக்குப் பழகிப் போயிற்று. அன்றன்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் என்ற ஏக்கம் அந்தக் கண்களில் இருக்கிறது.

ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பதோடு சிறைப்பட்டவனுக்கு உணவளிப்பதையும் திருக்குர்ஆன் நல்லோரின் பண்பாகச் சேர்த்துரைக்கிறது. உள்ளதைப் பகிர்ந்து உண்பதைத் தமிழ் அறநூல்கள் அறங்களுள் தலையாயதாக வைத்துள்ளன. கனடிய விமானி ஒருவர் இவற்றைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. தம் கிண்ணத்தை மற்றவன் முன் நீட்டி, வேண்டுமானால் மாற்றிக்கொள் என்று கூறிய அவரது செயலில் அவ்வறம் நிறைந்திருந்தது. தலைமை என்பதற்கு நமது அரசியல் மேடைகளில் தரப்படும் பொருளை அக்கிண்ணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வாசகர்களிடமே விடுகிறோம்.

பேர்ச்சலின் வீரத்தைப் பலர் போற்றியுள்ளனர், போற்றுவது தகும். எதிரிக் கப்பலை நோக்கி விமானத்தைத் திருப்பும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. அத்தகைய கணம் எல்லோர் வாழ்விலும் வருவதுமன்று. ஆனால், கண்டதை மறைக்காமல் எழுதி வைப்பதும், எழுதியதைப் பத்திரப்படுத்துவதும் எவர்க்கும் இயலும். மலாயாவிலிருந்து கடிதம் வராத அந்த ஆண்டுகளை நினைவிற் கொண்டிருக்கும் முதியோர் நமது ஊர்களில் இன்று மிகச் சிலரே. அவர்கள் அறிந்தவற்றையும், பின்னர் வந்த தலைமுறைகள் இழந்தோரின் பெயர்களையும், தமிழர் முஸ்லிம் என்ற பேதமின்றி ஊர் ஊராக எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது. அந்தப் பணியை நமது பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் இன்றே தொடங்குமானால், நமது பிள்ளைகளாவது மதிப்பீடுகளோடு மட்டும் விடப்படமாட்டார்கள்.